கல்லூரித் தளங்களில் திறந்து கிடக்கும் கோப்புகள்: முதல்வர்களுக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களே, தேர்வுக் கட்டுப்பாட்டாளர்களே, கல்லூரி இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களே,

வணக்கம். இணையப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கும் நாங்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு இதை எழுதுகிறோம். மேலே படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும். கூகுள் பெட்டியில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒட்டினாற்போல் முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் கல்லூரித் தளத்தின் முகவரியை எழுதுங்கள். முன்னால் வரும் மூன்று டபிள்யூவை விட்டுவிடுங்கள். அப்போதுதான் தேர்வுப் பிரிவு, நூலகம், விடுதி என்று தனித்தனியாக இருக்கும் துணைத் தளங்களும் சேர்ந்து வரும். பிறகு ஓர் இடைவெளி விட்டு 'ஃபைல்டைப்', முக்காற்புள்ளி, 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' என்று சேர்த்துத் தேடுங்கள். அடுத்து எக்செல்லை எடுத்துவிட்டு பிடிஎஃப் என்று மாற்றி, பக்கத்தில் 'ஆதார்', 'அக்கவுன்ட் நம்பர்', 'மொபைல்' ஆகிய சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. கடைசியாக ஃபைல்டைப்பை நீக்கிவிட்டு 'இன்டைட்டில்', முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோளுக்குள் 'இன்டெக்ஸ் ஆஃப்'. இதே தேடல்களை பிங்கிலும் செய்யுங்கள். ஒன்றில் வராதது மற்றொன்றில் வரும்.

கல்லூரியைத் தாக்க நினைப்பவரும் முதலில் இதைத்தான் செய்கிறார். அவருக்கு இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். உங்கள் சர்வரை அவர் தொடக்கூட இல்லை, கூகுளிடம்தான் கேட்டார். அதனால் உங்கள் சர்வர் பதிவேட்டில் அவர் தேடிய தடயமும் இருக்காது.

தேடலில் வந்து விழும் கோப்புகளைப் பெரும்பாலும் யாரும் திருடி வெளியே போடவில்லை. கல்லூரியே ஏற்றியவை அவை. கல்லூரிகளுக்குத் தரச்சான்று அளிக்கும் நாக் அமைப்பின் ஆய்வு வரும் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சுயமதிப்பீட்டு அறிக்கையின் ஒவ்வோர் அளவுகோலுக்கும் சான்று ஆவணம் வேண்டும். ஆவணத்தைக் கல்லூரித் தளத்தில் ஏற்றி, அதன் லிங்க்கை அறிக்கையில் கொடுப்பது வழக்கம். கெடு நெருங்கும்போது அலுவலகத்தில் இருக்கும் எக்செல் அப்படியே ஏறிவிடுகிறது. உதவித்தொகை பெற்றவர்கள் பட்டியல் என்றால் அதில் மாணவியின் பெயர், தந்தை பெயர், சாதி, ஆண்டு வருமானம், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி எல்லாம் ஒரே வரியில் இருக்கும். பயனாளிகள் பட்டியலையே கேட்டாலும், அதில் கணக்கு எண்ணுக்கு என்ன வேலை?

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒருவர் அந்த வீட்டுக்குப் போன் செய்கிறார் என்று வையுங்கள். "உங்கள் மகள் பெயர் இது, இந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, இந்த வங்கியில் கணக்கு, கடைசி நான்கு எண்கள் இவை. உதவித்தொகை நின்று போயிருக்கிறது, இப்போது ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள்." சொன்னதெல்லாம் சரியாக இருக்கும்போது அந்தத் தாய் எப்படிச் சந்தேகப்படுவார்? குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளின் பட்டியல்தான் உதவித்தொகைப் பட்டியல். ஏமாற்றுகிறவருக்கு அதைவிட வசதியான பட்டியல் கிடையாது.

மறைத்துவிட்டோம் என்று நினைத்து ஏற்றும் கோப்புகளிலும் சிக்கல் உண்டு. எக்செல்லில் ஒரு நெடுவரிசையை 'ஹைடு' செய்தால் அது திரையில்தான் மறைகிறது. கோப்பை இறக்குகிறவர் ஒரு சொடுக்கில் திறந்துவிடுவார். மறைத்த தாளும் அப்படித்தான். பிடிஎஃப்பில் ஆதார் எண்ணின் மேல் கறுப்புப் பட்டை வரைந்தால் எழுத்து அடியில் அப்படியே இருக்கும். இழுத்துத் தேர்ந்தெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் வந்துவிடும். ஸ்கேன் செய்ததுதானே, படம்தானே என்றும் இருக்க முடியாது. ஸ்கேன் செய்த பிடிஎஃப்களில் உள்ள எழுத்தைப் படித்துத் தேடலில் சேர்க்கும் வேலையைக் கூகுள் 2008லேயே தொடங்கிவிட்டது. வெளியிட வேண்டிய பட்டியல் என்றால், வேண்டாத நெடுவரிசைகளை அழித்து, மீதியைப் புதிய கோப்பில் மதிப்புகளாக மட்டும் ஒட்டி, அந்தப் புதிய கோப்பைத்தான் ஏற்ற வேண்டும்.

"எந்தப் பக்கத்திலிருந்தும் லிங்க் கொடுக்கவில்லையே, கூகுளுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்பீர்கள். பல வழிகள் உண்டு. முதல் வழி அடைவுப் பட்டியல். ஒரு கோப்புறையில் முகப்புப் பக்கம் இல்லையென்றால், சில சர்வர்கள் அந்தக் கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளின் பெயரையும் வரிசையாகக் காட்டிவிடும். மேலே நீங்கள் தேடிய 'இன்டெக்ஸ் ஆஃப்' அந்தப் பக்கத்தின் தலைப்புத்தான். டெபியன், உபுண்டு இயங்குதளங்களில் ஓடும் சர்வர்களில், பக்கங்களை வழங்கும் அப்பாச்சி மென்பொருளை நிறுவினால், இணையக் கோப்புறைக்கு இந்த வசதி தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். ஆள் உட்கார்ந்து அணைக்க வேண்டும். 'ஆப்ஷன்ஸ்' வரியிலிருந்து 'இன்டெக்ஸஸ்' என்ற சொல்லை நீக்கிவிட்டு அப்பாச்சியை ரீலோடு செய்தால் போதும். அதே வேலையைச் செய்யும் என்ஜின்எக்ஸில் 'ஆட்டோஇன்டெக்ஸ்' இயல்பாகவே அணைந்திருக்கும், யாராவது வசதிக்காகப் போட்டிருந்தால் தவிர. வேர்ட்பிரஸ் தளமென்றால் 'அப்லோட்ஸ்' கோப்புறையில் ஆண்டு, மாதம் வரை முகவரியை வெட்டி ஒருமுறை திறந்து பாருங்கள். ஐந்தாறு ஆண்டுக் கோப்புகள் வரிசையாக வந்து நின்றால் அன்றைய முதல் வேலை அதுதான்.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. 'டெஸ்ட்', 'ஓல்டு', 'டெமோ' என்று ஒரு துணைத் தளம் தொடங்கி அதற்குப் பாதுகாப்பான இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கினால், சான்றிதழில் உள்ள பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். 2018 ஏப்ரல் முடிவிலிருந்து புதிய சான்றிதழ்கள் இப்படிப் பதிவாகியிருக்க வேண்டும் என்பது குரோமின் நிபந்தனை. அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் தேடலாம். யாருக்கும் சொல்லாத முகவரி என்பதைப் பாதுகாப்பாக நம்பி, உண்மையான மாணவர் தரவை ஏற்றிப் பரிசோதனை செய்யும் தளங்கள் இப்படித்தான் மாட்டுகின்றன. சோதனைத் தளத்துக்குச் சர்வரிலேயே கடவுச்சொல் போடுங்கள். அதில் கற்பனைப் பெயர்களை மட்டும் ஏற்றுங்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது இந்த வகையில் கவனிக்க வேண்டிய ஒன்று. 1999இல் அங்கு இருந்த ஆசிரியர், பணியாளர், மாணவர் பெயர்களும் அவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்களும் அடங்கிய கோப்பு, கோப்புப் பரிமாற்றத்துக்கான ஓர் எஃப்டிபி சர்வரில் கிடந்தது. பல ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை. 2010 செப்டம்பரில் கூகுள் எஃப்டிபி சர்வர்களையும் தேடலில் சேர்த்தது. அதற்குப் பிறகு சுமார் பத்து மாதம் அந்த எண்கள் தேடினால் கிடைக்கும் நிலையில் இருந்தன. 2011 ஆகஸ்டில் சுமார் 43,000 பேருக்கு விவரம் சொல்ல வேண்டி வந்தது. சர்வரில் ஒன்றும் மாறவில்லை, மாறியது தேடுபொறி. இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு கோப்பை விட்டுவைப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. மத்திய, மாநில அரசுத் துறைகள், கல்வி நிறுவனங்கள் என்று சுமார் 210 தளங்கள் பயனாளிகளின் பெயர், முகவரியோடு ஆதார் எண்ணையும் வெளியிட்டிருந்ததை ஆதார் ஆணையமே 2017இல் ஒப்புக்கொண்டது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. பட்டியலை வெளியிடுவது வெளிப்படைத்தன்மை என்று நினைத்து வெளியிட்டிருந்தார்கள்.

மாணவர் தரவு ஒரு பக்கம். சர்வரின் சாவியையே தேடுபொறி காட்டிக்கொடுப்பது இன்னொரு பக்கம். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வேர்ட்பிரஸில் தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர் முகவரி நான்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு கோப்பில் நான்கு வரிகளாக இருக்கும். உலாவியில் அதன் முகவரியைத் திறந்தால் வெற்றுப் பக்கம்தான் வரும், ஏனென்றால் சர்வர் அதை நிரலாக இயக்குகிறது, வாசித்துக் காட்டுவதில்லை. இப்போது தளத்தைப் பழுதுபார்க்க வந்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று அதே கோப்புறையில் ஒரு நகல் எடுத்துப் பெயரின் கடைசியில் 'ஓல்டு' என்றோ 'பேக்' என்றோ சேர்த்து வைக்கிறார். அந்த நகல் பிஎச்பி என்று முடியாததால் சர்வருக்கு அது வெறும் எழுத்துக் கோப்பு. கேட்டவருக்கெல்லாம் நான்கு வரியையும் அப்படியே கொடுத்துவிடும். லாராவெல் என்ற பிஎச்பி சட்டகத்தில் எழுதிய தளமென்றால் புள்ளியில் தொடங்கும் 'ஈஎன்வி' கோப்புக்கு இதே கதி நேரலாம். அதில் மின்னஞ்சல் சேவையின் கடவுச்சொல்லும் கட்டண நுழைவாயிலின் ரகசியச் சாவியும்கூட இருக்கும். தளத்தின் பொதுக் கோப்புறையை 'பப்ளிக்' உட்கோப்புறைக்குக் காட்டாமல் அதற்கு ஒரு படி மேலே காட்டிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். தரவுத்தளத்தின் முழு நகலை எஸ்க்யூஎல் கோப்பாக எடுத்து, இறக்கிக்கொள்ளச் சுலபம் என்று தளத்துக்குள்ளேயே வைத்து, பிறகு மறந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. பேக்கப் எப்போதும் இணையக் கோப்புறைக்கு வெளியே இருக்க வேண்டும். புள்ளியில் தொடங்கும் கோப்புகளைச் சர்வர் வெளியே கொடுக்காதபடி ஒரு விதி போடச் சொல்லுங்கள். அதில் 'வெல்-நோன்' கோப்புறைக்கு மட்டும் விலக்கு வேண்டும், இல்லையென்றால் சான்றிதழ் புதுப்பிப்பு நின்றுபோகலாம்.

நம் கல்லூரியை யார் தேடப்போகிறார்கள் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தாக்குகிறவர் கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடுவதில்லை, கோப்பின் பெயரைப் போட்டுத் தேடுகிறார். வருவது எந்த ஊர்க் கல்லூரியாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். 2002இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஜானி லாங் இப்படிப்பட்ட தேடல் வரிகளைத் திரட்டத் தொடங்கினார். 2010 முதல், மென்பொருள் ஓட்டைகளைப் பதிவுசெய்யும் எக்ஸ்ப்ளாய்ட் டேட்டாபேஸ் தளம் அந்தத் தொகுப்பைப் பராமரிக்கிறது. இன்றும் அதில் புது வரிகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. 2004 டிசம்பரில் 'சான்டி' என்ற புழு மனிதரே இல்லாமல் இந்த வேலையைச் செய்தது. பிஎச்பிபிபி என்ற மென்பொருளின் ஓட்டையுள்ள பக்கங்களைக் கூகுளில் அதுவே தேடி, கிடைத்த தளங்களைச் சிதைத்து, அங்கிருந்து மறுபடி தேடியது. கூகுள் அந்தத் தேடலைத் தடுத்த பிறகுதான் பரவுவது அடங்கியது. உங்கள் தளத்தின் அடியில் மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும் அச்சாகியிருந்தால், பிழைச் செய்தியில் கோப்புறைப் பாதை முழுசாகத் தெரிந்தால், அவையும் தேடலில் ஏறும். பழைய பதிப்பில் ஓட்டை வெளியான அன்றே நீங்கள் அந்தப் பட்டியலில் இருப்பீர்கள்.

இணையப் பக்கங்களைத் தவிர சாதனங்களைத் தேடும் பொறிகளும் உண்டு. 2009இல் ஜான் மாதர்லி தொடங்கிய ஷோடான் அவற்றில் முதன்மையானது. கல்லூரியின் சிசிடிவி பெட்டி, நூலகச் சர்வர், அச்சு இயந்திரம் எதற்காவது பொது ஐபி முகவரி இருந்தால் அது அங்கே பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஜீமேப் என்ற கருவி, ஒரு ஜிகாபிட் இணைப்பிருந்தால் உலகின் மொத்த ஐபிவி4 முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். வெளியிலிருந்து கேமரா பார்க்க வேண்டுமானால் விபிஎன் வழியாகப் பாருங்கள். ரவுட்டரில் போர்ட் திறந்துவிடாதீர்கள்.

இனி, பிரச்சினை தெரிந்த பிறகு செய்யப்படும் தவறுகள். மூன்றும் நல்லெண்ணத்தில் செய்யப்படுபவை என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

எதைத் திறக்கக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் 'டிஸ்அலவ்' என்று எழுதிவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது முதல் தவறு. 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் முன்வைத்த இந்த ஏற்பாடு தேடுபொறிகளுக்கு வைக்கும் வேண்டுகோள் மட்டுமே. 2022இல் இதை முறைப்படுத்திய ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தர ஆவணமே இந்த விதிகள் அணுகல் அனுமதி ஆகாது என்று சொல்கிறது. ரோபோட்ஸ் கோப்பை யாரும் திறந்து படிக்கலாம். அதில் தேர்வுப் பிரிவின் பேக்கப் கோப்புறைப் பெயரை எழுதி வைத்தால், எங்கே பார்க்க வேண்டும் என்று நாமே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும்.

இரண்டாவது தவறு நுட்பமானது. ஒரு பக்கத்துக்கு, தேடலில் சேர்க்காதே என்று சொல்லும் 'நோஇன்டெக்ஸ்' குறியும் போட்டு, அதே பக்கத்தை ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்துவிடுகிறார்கள். தடுத்த பக்கத்தைக் கூகுள் திறப்பதில்லை. திறக்காததால் உள்ளே இருக்கும் நோஇன்டெக்ஸ் குறி அதன் கண்ணில் படாது. வேறு தளத்திலிருந்து லிங்க் இருந்தால் அந்த முகவரி தேடலில் வந்துகொண்டேயிருக்கும். நோஇன்டெக்ஸ் போட்டால் ரோபோட்ஸ் தடையை எடுங்கள். பிடிஎஃப்புக்குள் அந்தக் குறியைப் போட வழியில்லை. சர்வர் அனுப்பும் தலைப்பில் 'எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக்' என்று சேர்க்க வேண்டும். இதுவும் தேடலிலிருந்து எடுக்க மட்டுமே. ரகசியக் கோப்புக்கு லாகின் ஒன்றுதான் வழி.

மூன்றாவது, முதல் வேலையாகக் கூகுளிடம் நீக்கச் சொல்வது. தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலின் நீக்கல் வசதி ஒரு முடிவைச் சுமார் ஆறு மாதத்துக்கு மறைக்கும், அவ்வளவுதான். கோப்பு அங்கேயே இருந்தால் அதன் பிறகு திரும்பி வரும். பிங்கில் அப்போதும் இருக்கும்.

சரியான வரிசை வேறு. கோப்பு எந்த முகவரியில், எந்தத் தேதியில் தெரிந்தது என்று படம் எடுத்து வையுங்கள். சர்வரின் அணுகல் பதிவேட்டை உடனே தனியாக நகலெடுங்கள். உபுண்டுவில் அப்பாச்சியின் பதிவேடுகள் இயல்பான அமைப்பில் 14 நாள்தான் தங்கும், பிறகு தானே அழிந்துவிடும். அதன் பின் கோப்பை அகற்றி, அந்த முகவரி 404 அல்லது 410 (கோப்பு இல்லை என்ற விடை) தருகிறதா என்று லாகின் செய்யாத உலாவியில் பாருங்கள். கோப்பில் கடவுச்சொல்லோ சாவியோ இருந்திருந்தால் யாரும் எடுக்கவில்லை என்று தோன்றினாலும் மாற்றிவிடுங்கள். அதற்கப்புறம்தான் கூகுள், பிங் இரண்டிலும் நீக்கல் விண்ணப்பம். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் நகல் இருக்கிறதா என்றும் தேடுங்கள். இருந்தால் எடுத்துவிடச் சொல்லி அவர்களுக்கு எழுதலாம். பதிவேட்டில் அந்தக் கோப்பின் பெயரைத் தேடி, 200 (கேட்டது கொடுக்கப்பட்டது) என்ற விடையோடு முழு அளவும் இறங்கிய வரிகளை எண்ணினால் எத்தனை பேர் எடுத்தார்கள் என்பது ஓரளவு தெரியும்.

இத்தகைய கசிவை அறிந்த 6 மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28ஆம் தேதி உத்தரவு. 14 நாளில் அழியும் இயல்பான அமைப்பை இன்றே மாற்றச் சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு செய்யாததற்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கும் கடமையையும் அது சுமத்துகிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் மாணவர்களிடம் சொல்லுங்கள். போன் வரும் முன்பே அந்தத் தாய்க்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

தேர்வுப் பிரிவுக்கு ஒரு தனி வேண்டுகோள். நுழைவுச் சீட்டையும் மதிப்பெண் பட்டியலையும் பதிவு எண்ணையே கோப்பின் பெயராக வைத்துச் சேமிக்காதீர்கள். ஒரு மாணவரின் முகவரியில் கடைசி எண்ணை ஒன்று கூட்டினால் அடுத்த மாணவரின் சீட்டு புகைப்படத்தோடு வந்துவிடும். ஒரு முகவரி எங்காவது தேடலில் ஏறினால் மொத்த வகுப்பும் ஏறியதற்குச் சமம். கேட்பவர் அந்த மாணவர்தானா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் சரிபார்த்த பிறகே கோப்பைக் கொடுக்க வேண்டும். பதிவு எண்ணும் பிறந்த தேதியும் மட்டும் கேட்பது போதாது, அவை இரண்டும் வகுப்புப் பட்டியலிலேயே இருக்கின்றன.

தளத்தைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் ஜிமெயிலில் சர்ச் கன்சோல் இருந்தால், அவசர நேரத்தில் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. கல்லூரியின் மின்னஞ்சலில் புதிதாகத் தொடங்கி, தளப் பெயர்ப் பதிவுகள் இருக்கும் டிஎன்எஸ்ஸில் ஒரு டிஎக்ஸ்டி வரியைச் சேர்த்து உரிமையை உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் மேலே சொன்ன அமைப்புகளை நிபந்தனைகளாக எழுதுங்கள். மாதத்தின் முதல் வேலைநாளில் இந்த மடலின் தொடக்கத்தில் உள்ள தேடல்களைச் செய்து பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். குழு என்று போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இப்படி ஒரு கோப்பு கிடப்பதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் உங்கள் மாணவராகத்தான் இருப்பார். தன் பெயரைக் கூகுளில் போட்டுத் தேடியிருப்பார், பட்டியல் வந்திருக்கும். அவர் வந்து சொல்லும்போது "நீ ஏன் அதைத் திறந்தாய்?" என்று விசாரிப்பதும் பெற்றோரை அழைத்து வரச் சொல்வதும் மற்ற மாணவர்களின் வாயை அடைத்துவிடும். கோப்பு மட்டும் திறந்தே கிடக்கும். யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியட்டும்: 'வெல்-நோன்' கோப்புறையில் 'செக்யூரிட்டி' என்ற எழுத்துக் கோப்பு ஒன்றை வைத்து, அதில் ஒரு மின்னஞ்சல் முகவரியையும் அது எதுவரை செல்லும் என்ற தேதியையும் எழுதினால் போதும். 2022இல் வந்த ஆர்எஃப்சி 9116 கேட்பது இந்த இரண்டு வரிகளைத்தான். அந்த மின்னஞ்சலைத் தினமும் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும், வந்த கடிதத்துக்கு நன்றி சொல்லிப் பதில் போட வேண்டும்.

பிளஸ் டூ முடிவு வந்ததும் சேர்க்கை விண்ணப்பங்கள் குவியத் தொடங்கும். ஒவ்வொன்றோடும் சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் வரும். அவை ஏறப்போகும் கோப்புறையின் முகவரியை இப்போதே உலாவியில் திறந்து பாருங்கள். பட்டியல் ஏதும் வராமல் 403 என்று மறுக்கிறதா என்று சோதித்துவிட்டு விண்ணப்பப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இணையப் பாதுகாப்புப் பணியில் இருப்போர் சிலர்